வறட்சி மரபணு என்று ஒன்று உண்டா? பயிர் ஏன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது?

#1 முகவை_மானாவாரி

எல்லோருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழையை நம்பியிருக்கும் பிழைப்பு. கண்மாய் பெருகினால் கடைசிக்கு ஒரு தண்ணீர் உண்டு, பெருகாவிட்டால் அதுவும் இல்லை.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அன்றிலிருந்து என் சித்தப்பா விடுவதாக இல்லை. "காய்ச்சலத் தாங்குற ஜீனக் கண்டுபிடிச்சுட்டாங்களாம்ல, அத நம்ம நெல்லுலயும் வச்சுக் குடுக்க என்ன கேடு?" காய்ச்சல் என்று அவர் சொல்வது வறட்சியை. படித்தவன் என்று என்னிடம் கேட்கிறார். நான் படித்தது சிவில்.

தேடிப் பார்த்தேன். வருடா வருடம் ஏதாவது ஒரு வறட்சி மரபணு கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அத்தனையும் எங்கே போயின? வயலில் ஒன்றையும் காணோமே?

இன்னொரு கேள்வியும் உண்டு. தண்ணீர் குறைந்தால் பயிர் வாடுவதற்கு முன்பே வளர்ச்சி நின்றுவிடுகிறது. அது தண்ணீர் இல்லாததால் தானாக நிற்பதா, அல்லது செடியே நிறுத்திக்கொள்கிறதா?

#2 பின்வரிசை

ஜீன் இருக்கு, மழைதான் இல்லை. வந்த வேலை முடிந்தது.

#3 இலைத்துளை

பின்வரிசை, உட்காருங்கள். நல்ல கேள்விகள் இவை. நெல் உடலியங்கியலில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது விளங்கினால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் செடியே நிறுத்திக்கொள்கிறது. செல் பெரிதாக உள்ளே நீரழுத்தம் வேண்டும், அது குறைந்தால் வளர்ச்சி குறையும் என்பது சரிதான். ஆனால் நீங்கள் கவனித்த மாதிரி, இலையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும்போதே புது இலை நீள்வது மெதுவாகிவிடும். இதில் டெல்லா என்ற புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை வளர்ச்சியைப் பிடித்து வைப்பவை. ஜிப்ரலின் ஹார்மோன் வந்தால் டெல்லா சிதைந்துபோகும், செடி நீளும். உப்போ வறட்சியோ தாக்கினால் ஜிப்ரலின் குறையும், டெல்லா சேரும், செடி அப்படியே நிற்கும்.

அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்று உண்டு, உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதைத்தான் வளர்ப்பார்கள். அதில் நான்கு டெல்லா மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, உப்பு நீரில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது. சாதாரணச் செடிகள் வளர்ச்சி குன்றி நின்றபோது இவை கூடுதலாக வளர்ந்தன. கடைசியில் அதிகமாகச் செத்தவையும் இவைதான். நிறுத்திக்கொள்வது செடிக்கு ஒரு பாதுகாப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து அப்சிசிக் அமிலம். வறட்சி என்றால் இந்த ஹார்மோன் இல்லாமல் பேச்சே இல்லை. 1960-களில் பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று ஆராய்ந்தவர்களிடம் சிக்கியது. ஆனால் செடி இதை எதைக் கொண்டு உணர்கிறது என்பது 2009 வரை இழுத்தது. கலிபோர்னியா ரிவர்சைடில் ஷான் கட்லர் குழுவும், மியூனிக்கில் எர்வின் கிரில் குழுவும் ஒரே சமயத்தில் ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள். பி.ஒய்.எல். குடும்பம் என்று பெயர். அராபிடாப்சிஸில் 14 ஏற்பிகள்.

வேலை நடப்பது இப்படி. சாதாரண நாளில் பி.பி.2சி என்ற நொதி, எஸ்.என்.ஆர்.கே.2 என்ற இன்னொரு நொதியை அடக்கி வைத்திருக்கும். வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் ஏற்பியில் உட்காரும். ஏற்பி போய் பி.பி.2சி-யைப் பிடித்துக்கொள்ளும், எஸ்.என்.ஆர்.கே.2 விடுபடும். விடுபட்டதும் இரண்டு காரியம். ஒன்று, சில நிமிடங்களில் நடப்பது: இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களில் எஸ்.எல்.ஏ.சி.1 என்ற வாயில் திறந்து எதிர்மின் அயனிகள் வெளியேறும், பின்னாலேயே பொட்டாசியமும் தண்ணீரும் போகும், செல்கள் தளர்ந்து துளை மூடும். இன்னொன்று, மணிக்கணக்கில் நடப்பது: செல்லின் உட்கருவில் ஏ.பி.எஃப். வகைப் புரதங்கள் முடுக்கிவிடப்பட்டு, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். செல்லைக் காக்கும் புரதங்கள், புரோலின், சர்க்கரைகள் எல்லாம் அப்போதுதான் தயாராகும்.

2018-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பு இந்தக் கதையை முழுமையாக்கியது. டோர் என்ற நொதி செல்லின் வளர்ச்சிக்கு மேற்பார்வையாளர். தண்ணீர் நன்றாக இருக்கும்போது டோர் அந்த ஏற்பிகள் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றை வேலை செய்யவிடாமல் வைத்திருக்கிறது. வறட்சி வந்தால் எஸ்.என்.ஆர்.கே.2 திருப்பி டோரை அடக்குகிறது. ஆக வளர்ச்சியும் தற்காப்பும் செல்லுக்குள்ளேயே ஒன்றையொன்று அமுக்கும்படிதான் அமைந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டச் செடிக்கு வழி இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வறட்சி மரபணு என்று நாளிதழ் சொல்வது பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தும் மரபணுவும்தான்.

#4 மூன்றாம்_ஆண்டு

அக்கா, ஒரு சந்தேகம். காய்வது வேர்ப்பக்கம், மூட வேண்டியது இலை. அப்சிசிக் அமிலம் வேரில் உற்பத்தியாகி மேலே போகிறது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஆனால் ஒட்டுக்கட்டிப் பார்த்த சோதனைகளில் வேரில் அந்த அமிலம் உற்பத்தியாகாவிட்டாலும் இலை மூடுகிறது என்றும் படித்தேன். எது சரி?

#5 இலைத்துளை

தம்பி, ஒட்டுச்செடிச் சோதனை சொல்வதுதான் சரி. இலை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ள முடியும். வேர் அனுப்புவது சேதி மட்டும். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் ஷினோசாகி குழு 2018-ல் சி.எல்.இ.25 என்ற சிறு பெப்டைடை, அதாவது குட்டிப் புரதத் துண்டை, காட்டினார்கள். வேர் காய்ந்ததும் அது சாற்றுக்குழாய் வழியாக இலைக்குப் போகிறது. இலையில் பி.ஏ.எம். ஏற்பிகள் அதைப் பிடித்து, என்.சி.இ.டி.3 மரபணுவை இயக்குகின்றன. அப்சிசிக் அமில உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் படி, அந்த மரபணு தரும் நொதியின் வேலைதான். இதற்கான மூலப்பொருள் கரோட்டினாய்டு, கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகை. நெல்லிலும் அப்படியே நடக்கிறதா என்று கேட்காதீர்கள், இது அராபிடாப்சிஸ் கதை.

#6 குழியடிச்சான்

இவ்வளவு எழுதினீர்கள் அம்மா, எங்கள் நெல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. நொறுங்கன், குழியடிச்சான், சித்திரைக்கார், நூற்றிப்பத்து எல்லாம் ராமநாதபுரத்து வானத்தைப் பார்த்தே வளர்ந்தவை. யாரும் ஆய்வகத்தில் வைத்துத் திருத்தவில்லை. குட்டை நெல் வந்தது, ஒட்டுமொத்தமாக எல்லாம் போனது. 1966-ல் ஐ.ஆர்.8 வந்தபோது வட ஆர்க்காட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே "ஐஆர்எட்டு" என்று பெயர் வைத்தாராம். அந்த அளவு மயக்கம். இப்போது, தொலைத்ததை மரபணுக் கத்தரிக்கோல் வைத்துத் தேடுகிறார்கள்.

#7 பின்வரிசை

அந்தப் பையனுக்குத் தம்பி பிறந்திருந்தால் ஐஆர்இருபதா?

#8 இலைத்துளை

குழியடிச்சான் ஐயா, நீங்கள் கோபமாகச் சொன்னதில் மரபியல் ரீதியாக உண்மை உண்டு. பலருக்குத் தெரியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐ.ஆர்.8-க்குக் குட்டைத்தனம் வந்தது தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற நெல்லிலிருந்து. அதில் எஸ்.டி.1 என்ற மரபணு பழுதானது. அது எது என்று 2002-ல் தெரிந்தது: ஜிப்ரலின் தயாரிக்கும் நொதி ஒன்றின் மரபணு. ஜிப்ரலின் குறைந்ததால் தண்டு குட்டை, உரம் போட்டாலும் சாயாது, கதிர் கனக்கும். மேலே டெல்லா பற்றிச் சொன்னேனே, பசுமைப் புரட்சி கைவைத்ததும் அதே பாதையில்தான்.

வினை வந்தது பக்கத்து வீட்டில். நெல்லின் முதலாம் குரோமோசோமில் எஸ்.டி.1-க்கு ஒட்டினாற்போல கியூ.டி.டி.ஒய்.1.1 என்ற பகுதி இருக்கிறது. வறட்சியிலும் விளைச்சல் தரும் பண்பு அதில் உள்ளது. வட இந்தியாவின் நகினா 22 போன்ற பழைய நெற்களில் அதன் நல்ல வடிவம் இருக்கிறது, ஆனால் நெட்டைப் பண்புடன் சேர்ந்தே இருக்கிறது. பயிர்ப் பெருக்கம் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டையை மட்டுமே பொறுக்கினார்கள். பக்கத்தில் இருந்ததும் கூடவே வெளியே போனது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நல்ல தண்ணீர் கட்டிய வயலில் பொறுக்கினால் அது போனதே கண்ணுக்குத் தெரியாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2015-ல் இதை எழுதியவர்கள், அந்த இணைப்பை உடைத்துக் குட்டையும் வறட்சி தாங்குதலும் சேர்ந்த வரிசைகளையும் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் ஐயா, இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வில் வந்தனா என்ற இந்திய மேட்டுநில ரகத்தையும் வே ராரெம் என்ற இந்தோனேசிய ரகத்தையும் இனக்கலப்பு செய்தார்கள். வந்தனா வறட்சி தாங்கும், வே ராரெம் தாங்காது. கியூ.டி.டி.ஒய்.12.1 என்ற வலுவான வறட்சிப் பகுதி எதிலிருந்து வந்தது என்றால், தாங்காத வே ராரெமிலிருந்து. பழைய நெல்லில் எல்லாம் இருக்கிறது, புதியதில் எதுவும் இல்லை என்று கோடு போட முடியாது. நம் நூற்றிப்பத்தையும் நொறுங்கனையும் வைத்துக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வறட்சி மரபியல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. யாரும் அவற்றை மறக்கவில்லை.

#9 குழியடிச்சான்

ஆய்வு நடந்தது சரி. விதை எங்கள் கையில் அல்லவா இருக்கிறது? அதைப் பற்றிப் பேசுங்கள்.

#10 மூன்றாம்_ஆண்டு

அக்கா, டிரெப் மரபணு பற்றிச் சொல்லவில்லையே? ஒரே ஒரு மரபணுவை மாற்றி வறட்சி, உப்பு, குளிர் மூன்றையும் தாங்க வைத்தார்கள் என்று படித்தோம். அதை நெல்லில் போட்டால் போதாதா?

#11 இலைத்துளை

போட்டார்கள். உலகில் எத்தனையோ பயிர்களில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். முகவை அவர்களின் "அத்தனையும் எங்கே போயின" என்ற கேள்விக்கு டிரெப்தான் சரியான உதாரணம், பொறுமையாகப் படியுங்கள்.

வறட்சியில் இயங்கும் மரபணுக்களின் முகப்பில் ஒரு சிறு டி.என்.ஏ. எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருவதை யாமகுச்சி-ஷினோசாகி தம்பதியர் 1994-ல் கண்டார்கள். அதில் ஒட்டிக்கொண்டு மரபணுக்களை இயக்கும் புரதங்களை 1998-ல் பிடித்தார்கள், அவைதான் டிரெப்1ஏ, டிரெப்2ஏ. இது அப்சிசிக் அமிலத்துக்குக் காத்திருக்காத தனிப் பாதை. அடுத்த ஆண்டு டிரெப்1ஏ-யை அராபிடாப்சிஸில் எந்நேரமும் இயங்கும்படி வைத்தார்கள். அதற்குப் பயன்பட்ட முன்னியக்கி (மரபணுவை இயக்கும் சுவிட்ச்) காலிபிளவர் வைரஸிலிருந்து எடுத்தது, அதற்கு ஓய்வே கிடையாது. செடி வறட்சியைத் தாங்கியது, உறைபனியையும் தாங்கியது. ஆனால் குள்ளமாகச் சூம்பிப்போய் நின்றது. தண்ணீர் இருக்கும்போதும் வறட்சி என்றே நினைத்து வாழ்ந்தது.

பிறகு அதே மரபணுவுக்கு ஆர்.டி.29ஏ என்ற முன்னியக்கியை வைத்தார்கள். அது வறட்சி வந்தால் மட்டுமே விழிக்கும். குள்ளத்தன்மை பெரும்பாலும் மறைந்தது, தாங்கும் திறன் இன்னும் கூடியது. எனக்கு அந்த 1999 கட்டுரையில் பிடித்தது இதுதான். எந்த மரபணு என்பதைவிட அது எப்போது, எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை உண்டு. சீனாவில் நெல்லின் பி.ஒய்.எல். ஏற்பிகளில் 1, 4, 6 ஆகிய மூன்றை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் செயலிழக்க வைத்தார்கள், 2018-ல் வெளியானது. நெல் நன்றாக வளர்ந்தது. ஷாங்காய் வயலில் 25 சதவீதமும் ஹைனான் தீவில் 31 சதவீதமும் விளைச்சல் கூடியது. வறட்சியை உணரும் பொறியைக் குறைத்ததற்குக் கிடைத்த கூலி அது. தண்ணீர் நிற்கும் வயலில் மட்டும். முதுகுளத்தூரில் அதை விதைக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்படியும் டிரெப் பயிர்கள் ஏன் வயலுக்கு வரவில்லை? ஆய்வகத்தில் வறட்சி என்றால் ஒரு சிறு தொட்டியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்து ஊற்றி, எத்தனை செடி பிழைத்தது என்று எண்ணுவது. மரபணு சேர்த்த செடி சற்றுச் சிறியதாக இருந்தாலே போதும், அது தொட்டித் தண்ணீரை மெதுவாகக் குடிக்கும், பக்கத்துச் செடியைவிட இரண்டு நாள் தாமதமாக வாடும். "தாங்கியது" என்று எழுதிவிடுவார்கள். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காத கட்டுரைகளை நான் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வைத்துவிடுவேன். விவசாயிக்கு வேண்டியது பிழைத்த செடி இல்லை, நெல்மணி.

#12 ஓய்வில்_ஒரு_அலுவலர்

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேடம் சொன்ன கடைசி வரியை அடிக்கோடிட்டுத் தொடர்கிறேன்.

தூர் கட்டும் பருவத்தில் காய்ந்த நெல், மழை வந்தால் எழுந்துவிடும். கதிர் உறைக்குள் திரளும் பொதிப் பருவத்திலோ கதிர் வெளிவரும் நாட்களிலோ காய்ந்தால் போச்சு. பயிர் பச்சையாக நிற்கும், கதிர் பாதி உறையிலேயே சிக்கிக்கொள்ளும், வந்ததும் மணி பிடிக்காத சாவியாக இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் "வறட்சியைத் தாங்கிய" வயல், களத்தில் தூற்றினால் காற்றோடு போய்விடும். பயிர்ச் சேதம் கணக்கெடுக்கப் போன இடங்களில் இதை வைத்து நடந்த வாக்குவாதம் கொஞ்சமல்ல. இலை பச்சையாக இருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போன மேலதிகாரிகள் உண்டு.

மேடம், இந்தப் பூக்கும் பருவத்துக்கு மரபணுவில் விளக்கம் இருக்கிறதா?

#13 இலைத்துளை

இருக்கிறது ஐயா. கேட்டதற்கு நன்றி, நானே மறந்திருப்பேன். நன்றாக ஆராய்ந்தது கோதுமையில். மகரந்தம் உருவாகும் சமயத்தில் வறட்சி வந்தால் மகரந்தப்பையில் அப்சிசிக் அமிலம் கூடுகிறது. அங்கே சர்க்கரையை இறக்கிக் கொடுக்கும் இன்வர்டேஸ் நொதியின் மரபணு அடங்குகிறது. மகரந்தத்தில் மாவுச்சத்து சேராமல் மலடாகிப்போகிறது. பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் திரும்பாது. தாங்கும் கோதுமை வரிசைகளைப் பார்த்தால், அவற்றின் மகரந்தப்பையில் அப்சிசிக் அமிலம் கூடுவதில்லை.

இலையைக் காப்பாற்றும் அதே ஹார்மோன் மணியைக் கெடுக்கிறது. "அப்சிசிக் அமிலத்தைக் கூட்டினால் வறட்சியைத் தாங்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களிடம் இலையிலா, பூவிலா என்று கேட்க வேண்டும்.

#14 முகவை_மானாவாரி

படிக்கப் படிக்கச் சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்ற பயம் கூடுகிறது. சரி, இரண்டு நேரடிக் கேள்வி. ஒன்று, வேர் ஆழமாகப் போனால் எல்லாம் சரியாகிவிடாதா? எங்கள் ஊர் சீமைக்கருவேலம் எந்த வறட்சியிலும் கூச்சமே இல்லாமல் பச்சையாக நிற்கிறது. அதன் மரபணுவை நெல்லில் வைத்தால்? (சிரிக்காதீர்கள்.) இரண்டு, அந்த மே மாத நெல்கள் உண்மையில் என்ன?

#15 பின்வரிசை

கருவேல ஜீன் போட்ட நெல்லை அறுக்க அரிவாள் போதாது, ஜேசிபி வேண்டும்.

#16 இலைத்துளை

சிரிக்க மாட்டேன், ஏனென்றால் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைத்தான் செய்தார்கள். சீமைக்கருவேலத்திலிருந்து குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்பரேஸ் மரபணு ஒன்றை எடுத்துப் புகையிலையில் சேர்த்தார்கள், புகையிலை வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் கருவேலத்தின் பலம் அந்த ஒரு நொதியில் மட்டும் இல்லை, ஆழமாக இறங்கும் அதன் வேரிலும் இருக்கிறது. அந்த வேரை ஒரு மரபணுவாக எடுக்க முடியாது.

நெல் வேருக்கு வருகிறேன். ஐ.ஆர்.64-ன் வேர் பக்கவாட்டில் பரவும். பிலிப்பைன்ஸின் கினாண்டாங் படோங் என்ற மேட்டுநில நெல்லின் வேர் செங்குத்தாக இறங்கும். வித்தியாசத்துக்குக் காரணமான டி.ஆர்.ஓ.1 மரபணுவை ஜப்பானின் உகா குழு 2013-ல் கண்டறிந்தது. ஐ.ஆர்.64-ல் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போய், புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. கலப்பு முறையில் நல்ல வடிவத்தை ஐ.ஆர்.64-க்குக் கொண்டுவந்தபோது, வேரின் நீளம் பெரிதாக மாறவில்லை, இறங்கும் கோணம் மாறியது. கடும் வறட்சியில் ஐ.ஆர்.64 ஏறக்குறைய ஒன்றும் விளையாத இடத்தில் இது ஓரளவு விளைந்தது. வளர்ச்சியைக் குறைக்காமல் வறட்சிக்கு வழி செய்யும் மரபணு என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

நிபந்தனை ஒன்று: கீழே ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரம் உவராக இருக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீர் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உழவடி இறுகிய மண்ணில் எந்தக் கோணத்தில் இறங்கினாலும் வேர் முட்டி நிற்கும்.

மே மாத நெல்களை அடுத்த பதிவில் எழுதுகிறேன், இது நீண்டுவிட்டது.

#17 இலைத்துளை

பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மூலம் ஆந்திராவின் எம்.டி.யு.1010. கமலா என்ற டி.ஆர்.ஆர். தான் 100, ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மூலம் பி.பி.டி.5204, நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்பது. இரண்டிலும் வெளி உயிரியின் மரபணு எதுவும் இல்லை. உள்ளே இருந்த ஒரு மரபணுவில் கிரிஸ்பரால் சிறு வெட்டு மட்டும். 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த வகைத் திருத்தங்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து விலக்கு அளித்ததால்தான் இவை இவ்வளவு சீக்கிரம் வந்தன.

டி.எஸ்.டி. என்பது வறட்சியைத் தாங்கும் மரபணு என்று செய்தியில் வந்தது. உண்மையில் அது தாங்கவிடாத மரபணு. அந்தப் புரதம் காப்புச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேராமல் பார்த்துக்கொள்கிறது. அதைச் செயலிழக்கச் செய்தால் பெராக்சைடு சேர்ந்து இலைத்துளை சுருங்கும், துளைகளின் எண்ணிக்கையும் குறையும். ஷாங்காயில் 2009-ல் கண்டது. ஆகவே முகவை, உங்கள் சித்தப்பா கேட்டது போல இதை "வைக்க" முடியாது. இருப்பதை அணைப்பதுதான் வேலை.

இனி சுவாரசியமான இடம். கமலாவில் வெட்டியது சி.கே.எக்ஸ்.2 என்ற மரபணுவை. அது சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் நொதி. அது குறைந்தால் கதிர் முனையில் சைட்டோகைனின் கூடும், மணி எண்ணிக்கை கூடும். 2005-லேயே ஜப்பானில் கண்டறிந்தது. கதிர் உருவாகும்போது இந்த சி.கே.எக்ஸ்.2-ஐ இயக்குவது எது தெரியுமா? டி.எஸ்.டி.! 2013-ல் தெரியவந்தது. இலையில் துளையைத் திறந்து வைக்கும் அதே புரதம், கதிரில் மணியைக் குறைக்கும் பாதையையும் இயக்குகிறது. ஒரே மேடையில் அறிவித்த இரண்டு நெல்களும் ஒரே பாதையின் மேல்படியும் கீழ்படியும். வளர்ச்சியும் வறட்சி தாங்குதலும் எப்போதும் எதிரெதிர் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு அபூர்வமான விதிவிலக்கு இது.

#18 குழியடிச்சான்

விதிவிலக்கோ என்னவோ, அந்த விளைச்சல் கணக்கே சரியில்லை என்று புகார் வந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

#19 ஓய்வில்_ஒரு_அலுவலர்

நான் சொல்கிறேன். டி.எஸ்.டி. நெல்லுக்குச் சொன்ன கணக்கு உவர், களர் நிலங்களில் ஏறக்குறைய 10 முதல் 30 சதவீதம் கூடுதல் என்பது. மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் கூட்டமைப்பு, அகில இந்திய நெல் ஆய்வுத் திட்டத்தின் ஆண்டறிக்கைகளைக் கொண்டே அதை மறுத்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. என் பார்வையில் சண்டையைவிட முக்கியமானது வேறு. பெயரில் வறட்சி இருக்கிறது, ஆனால் அறிவிப்பில் முன்னால் வைத்த எண்கள் உவர் நிலத்துக்கானவை. மானாவாரி விவசாயி தனக்கு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

#20 இலைத்துளை

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். உடலியங்கியல் பக்கம் இன்னொரு கவலையும் உண்டு. துளை குறைந்தால் இலையைக் குளிர்விக்கும் ஆவியாதலும் குறையும், இலை சூடேறும். வறட்சியோடு வெயிலும் சேர்ந்த நாளில் இந்த நெல் எப்படி இருக்கும் என்பதை நம் வயல்களில் பார்த்தால்தான் நம்புவேன். ஆனால் "கத்தரிக்கோல் வைத்தாலே கெடுதல்" என்பதை ஏற்க மாட்டேன் குழியடிச்சான் ஐயா. ஓர் எழுத்து விட்டுப்போவது இயற்கையிலும் நடப்பதுதான், ஐ.ஆர்.64-ன் வேர் அதற்குச் சாட்சி.

#21 குழியடிச்சான்

இயற்கையில் நடந்ததற்குக் காப்புரிமைக் கட்டணம் கிடையாது. கிரிஸ்பருக்கு உண்டு, அதுவும் வெளிநாட்டில். அந்தக் கணக்கையும் ஒரு நாள் எழுதுங்கள்.

#22 நெறியாளர்

காப்புரிமைக்குத் தனி இழை தொடங்கலாம், முக்கியமான விஷயம்தான். இங்கே செடியோடு நிற்போம்.

#23 மூன்றாம்_ஆண்டு

ஒரே ஒரு கேள்வி. அப்படியானால் மரபணுவே தெரியாமல் வறட்சி ரகம் உருவாக்க முடியாதா?

#24 இலைத்துளை

முடியும் தம்பி, அதுதான் இதுவரை அதிகம் வென்றதும். சகபாகி தான் பற்றிப் படியுங்கள். ஜார்க்கண்டின் ஹசாரிபாக் நிலையமும் சர்வதேச நெல் நிறுவனமும் சேர்ந்து எடுத்தது, 2010-ல் வெளியானது. வேண்டுமென்றே வயலைக் காயப் போட்டு, இலையையோ வேரையோ பார்க்காமல் மணி எடையை மட்டும் பார்த்துப் பொறுக்கினார்கள். இப்படி எடுத்த ரகங்கள் வறட்சி ஆண்டில் எக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கூடுதலாகத் தருகின்றன. எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது.

#25 ஓய்வில்_ஒரு_அலுவலர்

முகவை தம்பிக்கு நடைமுறையாக ஒன்று. உங்கள் பகுதிக்கு மழை கார்த்திகை, மார்கழியில் நின்றுவிடும். தாங்குவதைவிடத் தப்பித்து ஓடும் குறுகிய வயது ரகம் நல்லது. பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களும் வறட்சி மரபணுக்கள்தான் என்று மேடம் ஒத்துக்கொள்வார். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் கொடுத்த அண்ணா 4 நூறு, நூற்றைந்து நாள் ரகம், உங்கள் மண்ணுக்கென்றே எடுத்தது. ஒரு துண்டு நிலத்தில் நொறுங்கனும் போடுங்கள், குழியடிச்சான் ஐயா விதை தருவார்.

விதைப்பதற்கு முன் விதையை ஊறவைத்துக் கடினப்படுத்துங்கள். ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல், விதை எடைக்குச் சமமான அளவு.

#26 முகவை_மானாவாரி

மிக்க நன்றி ஐயா. எவ்வளவு நேரம் ஊற வைப்பது? ஊறிய விதையை அப்படியே விதைக்கலாமா?

#27 ஓய்வில்_ஒரு_அலுவலர்

16 முதல் 20 மணி நேரம். அப்படியே விதைக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து, பிறகு புழுதியில் போடுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள்.

#28 குழியடிச்சான்

நொறுங்கன் இரண்டு மரக்கால் இருக்கிறது. தனிச் செய்தியில் வாருங்கள் தம்பி. அறுத்ததும் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் இங்கே காப்புரிமைக் கட்டணம்.